வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே: பழைய சென்னையில் ஓர் அறிபுனை ஒலிநாடகம் அமைக்கும் முறை

1821-ஆம் ஆண்டுச் சென்னையைத் திரையில் காட்ட ஒரு தெருவையே கட்டியாக வேண்டும். காதுக்குக் காட்டுவதற்கு ஒரு கடிகாரத் துடிப்பும், இறகுப் பேனா காகிதத்தைக் கீறும் ஓசையும், எங்கோ தூரத்தில் புரளும் அலையும் போதும். இதில் மிச்சமாகும் பணம் பெரிதல்ல. இதில் கிடைக்கும் நம்பிக்கைதான் பெரிது. கடந்த காலத்தையும் நடக்க முடியாத அதிசயத்தையும் கேட்பவர் ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை. ஒலிநாடகத்தில் இரண்டும் ஒரே வாசல் வழியாக, வெறும் சத்தமாக உள்ளே வருகின்றன. முதலில் வந்ததை நம்பியவர், பின்னால் வருவதையும் அதே மூச்சில் நம்பிவிடுகிறார். ஆகவே இந்த வகை நாடகத்தில் அறிபுனைக்கான, அதாவது அறிவியல் புனைகதைக்கான, பாதி உழைப்பை வரலாறு செய்து கொடுத்துவிடுகிறது. அந்த வரலாற்றில் ஒரு தீக்குச்சி தப்பாக உரசப்பட்டாலும் அறிபுனையும் சேர்ந்து சரியும்.

இங்கே 20 நிமிட நாடகம் ஒன்றை முதல் சீட்டு முதல் கடைசிக் கோப்பு வரை கட்டும் முறையைப் பார்க்கலாம். உதாரணம் ஒன்றே ஒன்றுதான். அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வோம்.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு வரலாற்று நிகழ்ச்சி ஒலிநாடகத்துக்கு ஆகுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். நடந்த நேரம் மணிக்கணக்கில் தெரியுமா? அதற்கென்றே ஒரு சத்தம் உண்டா? கேட்பவருக்குப் பெயரளவில் தெரிந்து, உள்விவரம் தெரியாததா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். பட்டாபிஷேகம், ஒப்பந்தக் கையெழுத்து போன்றவை முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தோற்றுவிடும். கையெழுத்திடும் சத்தத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நாடகம் நடத்த முடியும்?

எம்டன் மூன்றிலும் தேறுகிறது. 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எஸ்எம்எஸ் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்று தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதில் இருந்தவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் 10. ஏறக்குறைய 130 குண்டுகள் வந்து விழுந்தன. தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சூப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அடுத்த நாட்களில் ஊரில் பலர் மூட்டை கட்டினார்கள்.

இது ஒரு முனை. இன்னொரு முனை 93 ஆண்டுகளுக்கு முன்னால், நுங்கம்பாக்கத்தில். 1792-இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்தின் தலைவர் ஜான் கோல்டிங்காம், 1820–21-இல் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கப்பட்ட பீரங்கிகளை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். வெடிப்பின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் காலமானி என்ற துல்லியக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குவது, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துவது: உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு நாள்தோறும் இதைச் செய்தார்கள். வெப்பநிலையும் காற்றழுத்தமும் ஈரப்பதமும் கூடவே பதிவாயின. மாதத்துக்கு மாதம் வேகம் மாறுவதைக் கண்டு 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். இருட்டில் உட்கார்ந்து பீரங்கிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் மனிதர்கள்! ஒலிநாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரங்கள் அமைவது அரிது.

ஒரே ஒரு பொய்

அறிபுனையில் நடக்க முடியாத விஷயம் ஒன்றுதான் இருக்கலாம். மற்ற எல்லாமே அதிலிருந்து கிளைக்க வேண்டும். அதை அஞ்சலட்டை அளவுச் சீட்டில், மூன்று வரிக்குள் எழுதுங்கள். அதில் அடங்கவில்லை என்றால் கரு இன்னும் பழுக்கவில்லை.

நம் சீட்டு: 1821-இல் வானாய்வகத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு, 1914-இல் சுடப்படும் பீரங்கிகளின் சத்தம் கேட்கிறது. வெளிச்சம் வருவதில்லை, சத்தம் மட்டும் வருகிறது. அந்தப் பக்கம் குரல் கொடுக்க வழியில்லை.

கடைசி வரிதான் கதையைத் தாங்குகிறது. இரு பக்கமும் பேச முடிந்தால் எச்சரிக்கை அனுப்பிவிடுவார்கள், பத்தாவது நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும். பேச முடியாதபோதுதான் கேட்பவர் தவிக்கிறார்: என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. வரலாற்றுப் பின்னணி தரும் பெரிய வரம் இந்தத் தவிப்புதான். வருங்காலத்தில் நடக்கும் கதையில் அதைத் தனியாக உருவாக்க வேண்டியிருக்கும். இங்கே தேதியைச் சொன்னாலே போதும்.

பொய் ஒன்று என்றால் அதைச் சுற்றியுள்ள அறிவியல் அத்தனையும் மெய்யாக இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாமல் தூரத்தைக் கணக்கிட முடியாது. அப்படியானால் 1821-இன் ஆட்கள் என்ன செய்வார்கள்? கோட்டையில் ஒருவர், பரங்கிமலையில் ஒருவர், வானாய்வகத்தில் ஒருவர் என்று நேரம் சரிபார்த்த காலமானிகளோடு உட்கார்ந்து, எங்கே முதலில் கேட்டது, எங்கே பிந்திக் கேட்டது என்று குறித்தால் திசை பிடிபடும். கணக்கு கடலைக் காட்டும். கடலில் கப்பல் இருக்காது. இதே உத்தியைத்தான் முதல் உலகப்போரில் எதிரிப் பீரங்கிகள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கப் படைகள் பயன்படுத்தின என்பது நாடகத்தில் சொல்லத் தேவையில்லாத, ஆனால் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

காதுக்கான ஆராய்ச்சி

வரலாற்று நூல்கள் என்ன நடந்தது என்று சொல்லும். என்ன கேட்டது என்று சொல்லாது. அதை நாம்தான் கறந்தெடுக்க வேண்டும். முதலில் பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குங்கள். 1914 ஆகஸ்டு 21-இல் முழுச் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அடுத்த அமாவாசை செப்டம்பர் 19–20 இரவு. ஆக 22-ஆம் தேதி மூன்றாம் பிறை. இரவு எட்டு மணியளவிலேயே அடிவானத்தில் இறங்கியிருக்கும். எம்டன் வந்தபோது கும்மிருட்டு. அது ஆனந்த வருஷம், புரட்டாசி மாதம். மகாளய அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்கியிருக்கிறது. வீடுகளில் கொலு வைத்திருக்கிறார்கள், பெண்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு தகவல் எத்தனை பக்க வருணனைக்குச் சமம் என்று பாருங்கள்: திறந்த சன்னல் வழியாக ஒரு சிறுமி பாடும் குரல், நடுவில் முதல் வெடிப்பு, பாட்டு அந்த எழுத்திலேயே நிற்கிறது.

அடுத்து, எந்தச் சத்தம் எப்போது பிறந்தது என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது 1856-இல்; எனவே 1821 காட்சியில் ரயில் ஊதல் கூடாது. டிராம் மணி 1895-க்குப் பிறகுதான். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827 வாக்கில். 1821-இல் விளக்கேற்ற வேண்டுமானால் சக்கிமுக்கிக் கல் தட்டும் ஒலியோ, இருக்கிற கங்கை ஊதும் ஒலியோதான். பலரும் சறுக்கும் இடம் இந்தத் தீக்குச்சி. உரசல் சத்தம் அழகாகப் பதிவாகும் என்பதால் கை தானாக அதைத் தேடிப் போகும். 1821-இல் செயற்கைத் துறைமுகமும் கிடையாது. கோட்டைக்கு அருகிலேயே அலை மோதியது, மசூலாப் படகுகள் அந்த அலையைத் தாண்டித்தான் கரை சேர்ந்தன. 1914-இல் துறைமுகச் சுவருக்குள் தண்ணீர் சளசளக்கும், அலை இரைச்சல் சுவருக்கு வெளியே. இரண்டு காலத்துக்கும் ஒரே அலைப் பதிவைப் போடாதீர்கள்.

1914-இல் இல்லாதவை: ஒலிபெருக்கி, வானொலி நிகழ்ச்சி, அபாயச் சங்கு. சென்னையில் வானொலி மன்றம் 1924-இல்தான் வந்தது. கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. அதில் குரல் வராது, தீப்பொறியின் ரீங்காரம் நீண்டும் குறுகியும் கேட்கும். பாங்கொலி மனிதத் தொண்டையிலிருந்து நேராக வர வேண்டும். குயிலையும் கவனியுங்கள்: அது கூவிக் குவிப்பது கோடையில். செப்டம்பர் இரவுக்குப் பூச்சிகளும் தவளையும் நாயும் போதும்.

காலக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906-இல். அதற்கு முன் சென்னை நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கி இருந்தது. அந்தச் சென்னை நேரமே இதே வானாய்வகத்தின் நெடுங்கோட்டிலிருந்து கணக்கிடப்பட்டதுதான். இரு ஆண்டுகளிலும் ஒரே கணத்தில் கேட்கிறது என்று காட்ட விரும்பினால் இந்த 9 நிமிடத்தை மறக்காதீர்கள். மறக்காமல் பயன்படுத்தினால் அதுவே கதையின் திருப்பமாகவும் ஆகலாம்.

மூலங்களுக்கு எங்கே போவது? 1914-இன் பேச்சுநடைக்கும் விளம்பரங்களுக்கும் அந்தக்காலச் சுதேசமித்திரன் நாளிதழ். பழைய அச்சுத் தமிழுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசுக் கடிதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். ஒரு வாரம் படித்தால் 20 நிமிட நாடகத்துக்குத் தேவையானது கிடைத்துவிடும். மூன்று மாதம் படித்தால் படித்ததையெல்லாம் பாத்திரங்களின் வாயில் திணிக்கத் தோன்றும், அது இன்னொரு ஆபத்து.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று கேட்டிருப்பீர்கள். பரவலான நம்பிக்கைதான், ஆனால் ஆவண ஆதாரம் இல்லை. நாடகத்தில் நடந்ததாகக் காட்டாதீர்கள். நாம் சொல்வது ஒரே ஒரு பொய் என்ற ஒப்பந்தம் அங்கே உடைகிறது.

உரையாடல்

பழைய காலத்துப் பேச்சை எழுத எளிய வழி, பழைய சொற்களை அள்ளிப் போடுவதைவிடப் புதிய சொற்களை எடுத்துவிடுவது. 'வணக்கம்', 'நன்றி' இரண்டும் 1914-இன் சாதாரண வீட்டுப் பேச்சில் வராது. நமஸ்காரம், கும்பிடுறேன், சலாம் என்று ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி வரும். நன்றியைப் பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். 'மகராசனா இருங்க' என்பார்கள். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது, ஆகவே படித்தவர் பேச்சில் வடசொல் தாராளமாகப் புழங்கட்டும். துறைமுகத்துக் கூலியாள் கிருஷ்ணாயில் என்பார், மண்ணெண்ணெய் என்று சொல்ல மாட்டார். காசு ரூபாய், அணா, பைசாவில்: 16 அணா ஒரு ரூபாய்.

ஒரு நுணுக்கம்: 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு அந்த இரவுக்குப் பிறகு பிறந்தது. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது யாரும் அப்படிப் பேச முடியாது. கரையில் இருப்பவருக்கு அது எந்தக் கப்பல் என்றே தெரியாது. சில ஆண்டுகள் கழிந்த காட்சி ஒன்றில், ஒரு பாட்டி குறும்புக்காரப் பேரனை 'எம்டன்' என்று திட்டுவதாக வைத்தால், கேட்பவருக்கு உடம்பு ஒரு கணம் சிலிர்க்கும்.

அளவு: ஒலிநாடகத்தில் தமிழ் பேச்சு நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல். 20 நிமிடத்தில் 15 நிமிடம் பேச்சுக்கு, 5 நிமிடம் ஒலிக்கும் மௌனத்துக்கும். அப்படியானால் உரையாடல் 1,500 சொல்லைத் தாண்டக் கூடாது. முதல் வரைவு எப்போதும் 2,200-இல் போய் நிற்கும். வெட்ட வேண்டியது ஒலி ஏற்கெனவே சொல்லிவிட்டதை மீண்டும் சொல்லும் வரிகளை. 'ஐயோ, கதவைத் திறக்கிறார்களே!' என்பது போன்ற வரி வானொலி நாடகத்தின் பழைய நோய். கீல் கிறீச்சிட்டால் கதவு திறந்தது எல்லாருக்கும் தெரியும். முக்கியக் குரல்கள் நான்குக்கு மேல் வேண்டாம், நான்கும் வயதிலோ வட்டாரத்திலோ தெளிவாக வேறுபட வேண்டும். ஒரு பாத்திரம் வந்ததும் முதல் இரண்டு வரிக்குள் இன்னொருவர் அவரை அண்ணா, அத்தை, துரை என்று விளித்துவிட வேண்டும். கோல்டிங்காம் போன்ற மெய்யான மனிதருக்கு நீண்ட வசனம் எழுத வேண்டாம். அடுத்த அறையில் நடக்கும் செருப்பொலி, ஓர் இருமல், இரண்டு சொல். அந்த மரியாதை போதும்.

எழுத்துப்படியில் ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுங்கள், ஒலிக் குறிப்புக்கும் தனி எண். பதிவின்போது '14 மறுபடி' என்றால் எல்லாருக்கும் புரியும். இப்படி இருக்கலாம்:

12. ஒலி: காலமானி. விநாடிக்கு இரண்டு தட்டு. வெளியே பூச்சிகள்.
13. இளையவர்: (மெல்ல) அண்ணா… வெளிச்சம்!
14. ஒலி: காலமானி மட்டும். 24 தட்டு.
15. ஒலி: கோட்டைப் பீரங்கி, தொலைவில்.
16. மூத்தவர்: பன்னெண்டு. எழுதிக்கோ.
17. ஒலி: இறகுப் பேனாக் கீறல், 4 விநாடி. சட்டென்று நிற்கிறது.
18. ஒலி: இன்னொரு பீரங்கி. முன்னதைவிட மெலிது, கடல் பக்கமிருந்து.
19. இளையவர்: வெளிச்சம் பாத்தேளா அண்ணா?
20. மூத்தவர்: (காலமானி 6 தட்டு கழித்து) இல்லே.

14-ஆம் வரிக்குத் துணிச்சல் வேண்டும். 12 விநாடி யாரும் பேசாமல் இருப்பது பதிவு அறையில் நெடுநேரமாகத் தோன்றும், குறைத்துவிடச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். குறைக்காதீர்கள். வானாய்வகத்திலிருந்து கோட்டை ஏறத்தாழ 4 கிலோமீட்டர், சத்தம் வந்துசேர 12 விநாடி. கேட்பவர் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்குவார். எண்ணத் தொடங்கியவர் அந்த அறைக்குள் வந்துவிட்டார். பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 26 விநாடி. அதை முழுதாக ஒரே ஒரு முறை மட்டும் விடுங்கள், உச்சக் காட்சிக்கு முன்னால்.

குண்டு விழும் காட்சி

இந்தக் காட்சியில் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், காரணம் இயற்பியல். சினிமாப் பழக்கத்தில் முதலில் பீரங்கி முழங்கும், பிறகு குண்டு வெடிக்கும் என்று வரிசை போடுகிறோம். எம்டனின் குண்டு குழாயை விட்டுப் புறப்படும் வேகம் ஒலியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காற்று தடுத்தாலும் 3 கிலோமீட்டரை ஐந்தாறு விநாடியில் கடந்துவிடும். பீரங்கியின் முழக்கமோ விநாடிக்கு 347 மீட்டர் வேகத்தில் வந்துசேர எட்டரை விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே எண்ணெய்த் தொட்டி அருகே நிற்பவருக்கு வரிசை இப்படி: கடலில் ஓசையற்ற மின்னல், ஐந்தாறு விநாடி ஒன்றுமில்லை, பக்கத்தில் வெடிப்பு, அதற்கு இரண்டு மூன்று விநாடி கழித்துக் கடலிலிருந்து 'தொம்' என்ற முழக்கம். அடி விழுந்த பிறகு அதட்டல் வருவது போல. மெய்யான இந்த வரிசை, எழுதிச் சேர்க்கும் எந்தப் பரபரப்பையும்விடக் கலக்கம் தரும்.

தேடுவிளக்கை எப்படிக் கேட்க வைப்பது? வெளிச்சத்துக்குச் சத்தம் கிடையாது. அது பட்டவற்றுக்கு உண்டு. கரையில் ஒரு நாய் குரைக்கிறது, அடுத்து அதற்கு வலப்பக்கம் இன்னொன்று. மரத்தில் அடைந்த காக்கைகள் விடிந்துவிட்டது என்று கரைகின்றன. இதை இடது காதிலிருந்து வலது காதுக்கு 8 விநாடியில் நகர்த்தினால் விளக்கு ஊரைத் துழாவிச் செல்வது தெரியும். ஒரு சொல்லும் தேவையில்லை.

130 குண்டையும் ஒலிக்க வைக்க வேண்டாம். தனியாக மூன்று, பிறகு ஐந்து சேர்ந்த ஒரு வரிசை, பிறகு தொட்டி எரியும் ஒலியின் கீழே மங்கலாகப் பத்துப் பன்னிரண்டு. காது மூன்றாவது வெடிப்பிலேயே பழகிவிடும். நான்காவது அதிர்ச்சி வேண்டுமானால் வெடிப்பை நிறுத்துங்கள்.

கைவேலை ஒலிகள்

தொலைதூரப் பீரங்கி: 10 கிலோ அரிசி மூட்டையை மரக்கட்டில் பலகைமேல் இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பதியுங்கள். சுருதியை 12 முதல் 18 அரைச்சுரம் இறக்கி, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை வடிகட்டுங்கள். தூரம் கூடக்கூடக் கீச்சு ஒலிகள் காற்றில் கரைந்து அடிக்குரல்தான் மிஞ்சும். இங்கே ஒரு பொறி: கைபேசியின் சிறிய ஒலிப்பெட்டி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. தலைபேசியில் (ஹெட்ஃபோனில்) கட்டடமே அதிர்ந்த முழக்கம் கைபேசியில் காணாமல் போகும். அதே ஒலியின் இன்னொரு நகலை லேசாக முறித்து (டிஸ்டார்ஷன் கொடுத்து), 200–400 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் வைத்து அடியில் சேர்த்தால் இரண்டிலும் கேட்கும்.

எண்ணெய்த் தீ: கனமான போர்வையை மெதுவாக உதறும் ஒலி அடியில், பிஸ்கட் உறையின் கண்ணாடித்தாளைக் கசக்கும் ஒலி மேலே. தாள் ஓசை அதிகமானால் தீ வேள்விக் குண்டம் போல் சின்னதாகிவிடும். போர்வைக்கு மூன்று பங்கு, தாளுக்கு ஒரு பங்கு. ஜட்கா வண்டிக்கு மணல் பரப்பிய தாம்பாளத்தில் இரண்டு கொட்டாங்குச்சி. டிராமின் இரும்புச் சக்கரத்துக்கு ஆட்டுக்கல் சுற்றும் ஓசையைப் பாதி வேகத்துக்கு இறக்கி ஓட்டலாம். மணிக்கு வெண்கலத் தட்டு. காலமானிக்குச் சுவர்க்கடிகாரம் உதவாது: அதன் ஓசை அறை முழுக்கப் பரவும், பெரும்பாலும் விநாடிக்கு ஒன்று. கப்பல் காலமானி பொதுவாக விநாடிக்கு இரண்டு முறை, மென்மையாகத் தட்டும். கைக்கடிகாரம் ஒன்றை மரப்பெட்டிமேல் வைத்து ஒரு தட்டை மட்டும் பதிந்து, அரை விநாடிக்கு ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள். எல்லாத் தட்டும் ஒரே பிரதியாக இருந்தால் இயந்திரத்தனம் தெரியும். நான்கு வெவ்வேறு தட்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள்.

கொலுப் பாட்டுக்கு ஓர் எச்சரிக்கை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யாரும் பாடலாம். ஆனால் வேறொருவர் பாடிப் பதிந்த ஒலி அவருக்கோ பதிவு நிறுவனத்துக்கோ உரியது. தெரிந்த சிறுமி ஒருத்தியைப் பாடச் சொல்லுங்கள். பிசிறு இருந்தால் இன்னும் நல்லது, வீட்டுக் கொலுவில் பிசிறு இருக்கத்தான் செய்யும்.

குரல் பதிவு

ஸ்டுடியோ தேவையில்லை, எதிரொலி இல்லாத அறை தேவை. துணி நிறைந்த சிறிய படுக்கையறையில் நடிகருக்குப் பின்னும் பக்கத்திலும் மெத்தையை நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். மின்விசிறி, குளிர்பதனம், குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் நான்கும் அணைந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் குரலுக்குள் ஊறிவிட்டால் முழுதாகப் பிரிக்க முடியாது. கைபேசிகள் விமான நிலையில். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு; உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள். பேசாத அறையின் ஒலியை 60 விநாடி தனியாகப் பதியுங்கள், வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் என்றால் காதோடு பேசுவது. ஒரு முழம் என்றால் எதிரே அமர்ந்து பேசுவது. மூன்று எட்டு தள்ளி நின்றால் அறையின் மறுமுனை. இந்தத் தூரங்களை நடிகர் உடம்பால் நடிக்கட்டும். பின்னால் கணினியில் ஒலியைக் குறைத்துத் தூரம் காட்ட முயன்றால், பக்கத்தில் நின்று முணுமுணுப்பது போல்தான் வரும். மைக்கைச் சற்று ஓரமாகத் திருப்பிவைத்தால் 'ப' ஓசையின் காற்று நேரே மோதாது. உரக்கக் கத்தும் வரிகளைக் கடைசிக்கு வையுங்கள்; தொண்டை கெட்ட பிறகு மென்மையான காட்சிகளைப் பேச முடியாது.

இருவர் பேசும் காட்சியை இருவரையும் ஒன்றாக நிறுத்தியே பதியுங்கள். தனித்தனியே பதிந்து ஒட்டினால் ஒருவர் மூச்சுக்கு மற்றவர் மூச்சு பதில் சொல்லாது.

கலவை

ஆடாசிட்டி, ரீப்பர் போன்ற எந்த மென்பொருளும் போதும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பின்னணிச் சூழல் குரலைவிட 18 முதல் 24 டெசிபல் தாழ்வாக. திறந்தவெளிக்கு மண்டபத்து எதிரொலியைப் போடாதீர்கள். வெளியே எதிரொலி என்பது தனித்த ஒரு திரும்பல்தான். சுவர் 50 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்வர 100 மீட்டர், 0.29 விநாடி. உயர் நீதிமன்றச் சுவருக்கு எதிரே நிற்கும் காட்சியில் அப்படி ஒரே ஒரு திரும்பலை, மூலத்தைவிட 12 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். கல்சுவர் கண்முன் எழும்.

1821-க்கும் 1914-க்கும் தாவும்போது மாயவித்தை இசை வேண்டாம். இரு காலத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு (இங்கே பூச்சிகளின் இரைச்சல்) மற்றவற்றை மூன்று விநாடியில் கரைத்து, டிராம் மணியைக் கொண்டுவாருங்கள். காலம் மாறியது புரிந்துவிடும்.

பெரிய சத்தத்தைப் பெரிதாக்க, அதற்கு முன்னால் மூன்று விநாடி சூழலை 6 டெசிபல் இறக்குங்கள். குசுகுசுப்புக்கும் பீரங்கிக்கும் இடைவெளி 15 டெசிபலுக்கு மேல் போனால், பேருந்தில் கேட்பவர் குசுகுசுப்புக்காக ஒலியைக் கூட்டி, வெடிப்பில் காதைப் பிடித்துக்கொள்வார். மொத்த ஒலியளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரி உரப்பைக் காட்டும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். வெளியீடு எம்பி3, ஸ்டீரியோ, 128 கிலோபிட்டுக்குக் குறையாமல்.

வெளியிடும் முன் இரண்டு சோதனை. கைபேசியின் வெறும் ஒலிப்பெட்டியில், சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு முறை கேளுங்கள். அங்கே புரியாத வரி எங்கேயும் புரியாது. பிறகு, கதையே தெரியாத ஒருவரை இருட்டறையில் தலைபேசியோடு உட்காரவைத்து 14-ஆம் வரியின்போது அவர் கையைக் கவனியுங்கள். விரல்கள் தட்டுகளை எண்ணுகின்றனவா? எண்ணினால் கோப்பை ஏற்றலாம். எண்ணவில்லை என்றால் 12-ஆம் வரிக்குத் திரும்புங்கள்; பெரும்பாலும் காலமானி ஒலி இரண்டு டெசிபல் குறைவாகவோ, பூச்சி இரைச்சல் அதிகமாகவோ இருக்கும்.